பச்சை ஒயரின் இன்னொரு முனை

எங்கள் சமையலறைக்குள் செருப்போடு நுழைந்தால் அக்காவுக்கு ஆகாது. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் சின்னதாக ஒரு பலகை, அதில் ரெண்டு சாமி படம், ஒரு காமாட்சி விளக்கு. சாமி இருக்கிற இடத்தில் செருப்பா என்பது அவள் கட்சி. குதிகால் வலிக்கு வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது என் கட்சி. இந்தச் சண்டையில் இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. நான் ரப்பர் செருப்போடு நிலைப்படியிலேயே நின்று காபி வாங்கிக் குடிப்பேன். அவள் உள்ளே வெறுங்காலில் நின்று முறைப்பாள்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடல் காற்று நேராக வந்து முகத்தில் அறைகிற ஒரு பழைய ஃப்ளாட்டில், தரைத்தளத்தில் இருக்கிறோம். அத்தான் போன பிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, இங்கேயும் சொல்லப்போவதில்லை. நான் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். அக்கா மதியச் சாப்பாடு சமைத்து மாமல்லபுரத்துக்கு அனுப்புகிறாள். லாட்ஜில் வேலை செய்கிறவர்கள், சிற்பப் பட்டறைக்காரர்கள், ஒரு பேங்கின் மொத்த ஊழியர்கள் எல்லாரும் அவள் குழம்புக்கு அடிமை. ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்தபோது பேங்க் மேனேஜரே போன் போட்டு அக்கா எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். என்னை ஒருநாளும் யாரும் அப்படி விசாரித்ததில்லை.

அத்தான் போன புதிதில் அவளை ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். அவளும் உட்கார்ந்துவிட்டாள். தலை வாரிக்கொள்ளக்கூட எழுந்திருக்க மாட்டாள். இங்கே வந்து, எனக்கு ஒரு டப்பா சாப்பாடு கட்டிக் கொடுத்து, அதைக் கடையில் நாலு பேர் ருசி பார்த்து, எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு, அப்படித்தான் அவள் எழுந்து நின்றாள். அந்த அடுப்பு அவளுக்கு வெறும் பிழைப்பு இல்லை.

பிறகு குழாயில் கேஸ் வந்தது. ரோட்டோரம் பள்ளம் தோண்டினார்கள். மஞ்சள் ப்ளாஸ்டிக் குழாயைச் சுருள் சுருளாக இறக்கி, என் ஸ்கூட்டி நிறுத்துகிற இடத்தில் போட்டு, வாரக்கணக்கில் பேஜார் பண்ணினார்கள். அப்புறம் வெளிச்சுவரில் மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புக் குழாய் மாடி வரைக்கும் ஏறியது. அதிலிருந்து ஒவ்வொரு சமையலறைக்குள்ளும் ஒரு செம்புக் குழாய். எங்கள் வீட்டில் அது அடுப்புக்குப் பின்னால் சுவரோடு ஓடி, கடைசியில் ஒரு ரப்பர் குழாயோடு அடுப்பில் சேர்ந்தது. சிலிண்டர்காரனுக்குக் காத்துக் கிடக்கிற வேலை ஒழிந்தது என்று அக்கா அந்தக் குழாய்க்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள். கேஸ் குழாய்க்குக் கற்பூரம் காட்டிய ஒரே ஆள் இந்த ஜில்லாவிலேயே அவள்தான் இருப்பாள். நான் அலறியடித்து ஊதி அணைத்தேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. ஒருநாள் காலையில் அக்கா உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே நிலைப்படிக்கு வந்தாள்.

"கடிக்குதுடி."

"இன்னா கடிக்குது? எறும்பா?"

"பைப்பு கடிக்குது. சுருக்குனு ஏறுது கையில."

நான் செருப்போடு உள்ளே போய், அவள் முறைப்பை வாங்கிக்கொண்டு, குழாயைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இறுக்கிப் பிடித்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. "உனக்கு மட்டும் கடிக்கிற பைப்பா அது?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கைக்கு ஒன்றும் தெரியவில்லையே, நான் என்ன செய்ய?

கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டோம். மத்தியானம் ஒருவர் வந்து சோப்பு நுரை தடவிக் கசிவு இல்லை என்று காட்டினார். ஷாக் என்றதும் அவருக்குச் சிரிப்பு. "இதுல கேஸ்தான்மா வருது, கரண்ட் எங்க வருது?" என்று ஷூ காலோடு போய்விட்டார். ஊரப்பாக்கத்தில் இருக்கிற எங்கள் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தான். அவன் எனக்கு அண்ணன், அக்காவுக்குத் தம்பி. டெஸ்டரைக் குழாயில் வைத்தான், எரியவில்லை. சரி, டாக்டரைப் பார்ப்போம் என்றான்.

அக்காவுக்கு சுகர் உண்டு. டாக்டர் அதைக் கேட்டதுமே தலையை ஆட்டிவிட்டார். சுகர் இருந்தால் நரம்பு தளரும், கை கால் சுருக்கென்று குத்தும், மரத்துப்போகும். அவர் எழுதிய நரம்பு மாத்திரைக்கு என் கடையில் நானே பில் போட்டேன். அக்கா வேளை தவறாமல் விழுங்கினாள். குழாய் வேளை தவறாமல் கடித்தது.

கொடுமை என்னவென்றால், போகப் போக அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். கடித்தால் வெளியே சொல்வதை நிறுத்தினாள். கையைப் பார்த்துப் பார்த்து மூடித் திறப்பாள். "நீ சொல்றது நெசம்னு நான் நம்புறேன்க்கா" என்று சொன்னேன். "நீ நம்பி இன்னாடி பண்றது, என் கை என் பேச்சக் கேக்கலியே" என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாமல் மிக்ஸியைத் திட்டினேன்.

அப்புறம்தான் அந்தச் சாம்பார். நான் கடையில் இருந்த நேரம், பெரிய குண்டானை இறக்கும்போது அவள் முழங்கை குழாயில் பட்டிருக்கிறது. உடம்பு தூக்கிப்போட, குண்டான் சரிந்து, கொதிக்கிற சாம்பார் வலது பாதத்தில் கொட்டிவிட்டது. அலறல் கேட்டு மாடி வீட்டு சார்தான் முதலில் ஓடி வந்தார். அவளைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். நல்ல வேளை, காயம் ஆழமில்லை.

அண்ணன் அன்றைக்கே காரோடு வந்துவிட்டான். கண் கலங்கியிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

"போதும்க்கா. இனிமே அடுப்பாண்ட நீ போவக்கூடாது. என் வூட்ல வந்து நிம்மதியா உக்காரு. கேஸ் அடுப்பு, நரம்பு வீக்கு, நாளைக்கு இன்னா வேணா ஆவும்."

அக்கா ரெண்டு புடவையை ஒரு துணிப்பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். காரில் ஏறி, ஏற்கெனவே ஒருமுறை உட்கார்ந்து பழகியவள் மாதிரி ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். அந்த உட்காரலை எனக்குத் தெரியும்.

நான் கடைக்கு லீவு சொன்னேன். அவள் திரும்பி வருவதற்குள் வாடிக்கை கலைந்துவிடக் கூடாது என்று வீம்புக்குச் சமைத்தேன். சமையல் என்றா சொன்னேன்? ஏதோ வேகவைத்தேன். பேங்கிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணி, "இன்னிக்கு ரசமா குடுத்தீங்க, வெந்நியா குடுத்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அக்கா இருந்தவரைக்கும் செருப்புக்காக அவளோடு மல்லுக்கு நின்றவள்தான் நான். அவள் போன பிறகு அந்தச் சமையலறைக்குள் செருப்போடு போக எனக்கு மனசு வரவில்லை. யார் தடுக்கப்போகிறார்கள்? யாருமில்லை. அதனால்தான் வரவில்லை. நிலைப்படியில் கழற்றிவிட்டு, குதிகால் குத்தக் குத்த வெறுங்காலில் நின்றேன்.

அப்படி ஒரு காலை. அரிசி களைந்த தண்ணீர் தரையெல்லாம் கொட்டியிருந்தது. ஈரக் கையோடு பின்னால் இருந்த கரண்டியை எடுக்கப்போய்க் குழாயைத் தொட்டேன்.

"ஐயோ அம்மா!"

தோள்பட்டை வரைக்கும் சுரீரென்று ஏறியது. கரண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அடுத்த நிமிஷம், நம்பினால் நம்புங்கள், நான் சிரித்தேன். தரையில் உட்கார்ந்துகொண்டு பைத்தியம் மாதிரி சிரித்தேன். ஷாக் அடித்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கடிச்சிடுச்சுக்கா! பைப்பு என்னியக் கடிச்சிடுச்சு!"

"உன்னியா?"

"என்னியத்தான்! செருப்பு இல்லாம நின்னுகினு இருந்தேன். அதான் இத்தினி நாளா எனக்குத் தெரியல!"

அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ என் கை நல்லாத்தான் கீதா?"

ரெண்டு பேரும் போனில் அழுதோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைப் போட்டேன். விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றித் தொட்டேன், கடித்தது. இப்படிச் செய்வது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகு எலக்ட்ரீஷியன் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். நீங்கள் யாரும் செய்யாதீர்கள். அப்போதுதான் கவனித்தேன், மேலே மாடியில் வாஷிங் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. மாடி வீட்டில் தினமும் காலையில்தான் துவைப்பார்கள். கேஸ்காரர் மத்தியானம் வந்தார். அண்ணன் சாயங்காலம் வந்தான். காலையில் வந்து பார்த்தவர் யாருமில்லை.

ஓட்டமாக மாடிக்குப் போனேன். சார் ரிட்டையர் ஆனவர். எந்த ரிப்பேருக்கும் ஆளைக் கூப்பிடாமல் தானே செய்கிற ரகம். பின்பக்க பால்கனியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முதுகிலிருந்து ஒரு பச்சை ஒயர் வெளியே போய், மஞ்சள் கேஸ் குழாயில் முடிந்திருந்தது. குழாயின் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, பளபளவென்று ஆக்கி, கிளிப் போட்டு இறுக்கியிருந்தார். அவ்வளவு சுத்தமான வேலை.

"இன்னா சார் பண்ணி வெச்சிக்கீறீங்க?"

"எர்த்தும்மா அது. மெஷின் மேல கை வெச்சா வூட்டுக்காரம்மாக்கு ஷாக் அடிச்சுகினே இருந்திச்சி. கேஸ் பைப்பு பூமிக்குள்ளதான போவுது? அதுல கட்டி வுட்டு, மெஷினாண்ட நிக்க ரப்பர் செருப்பும் வாங்கிக் குடுத்தேன். அப்பலருந்து அடிக்கிறதே இல்ல." பெருமையாகத்தான் சொன்னார்.

"பூமிக்குள்ள போறது ப்ளாஸ்டிக்கு சார்! என் ஸ்கூட்டி எடத்துல சுருள் சுருளா கெடந்திச்சே, பாக்கல நீங்க? மேலதான் இரும்பு. கீழ போறதெல்லாம் ப்ளாஸ்டிக்கு. உங்க மெஷின் கரண்ட் பூமிக்குப் போவல, எங்க வூட்டு அடுப்பாண்ட வந்து நின்னுகினு கீது!"

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. அவர் மனைவி கதவருகே வந்து நின்றார்.

"எனக்கு அடிக்கக் கூடாதுன்னுதாம்மா இவரு..."

"உங்களுக்கு அடிக்காம எங்க அக்காவுக்கு அடிச்சிடுச்சிம்மா."

சார் மெஷினை நிறுத்தினார். ப்ளக்கைப் பிடுங்கினார். ஒயரை அவிழ்த்தார். "அன்னிக்கு அவங்க கால்ல ஊத்திக்கினது இதனாலயா?" என்று கேட்டார். கத்தித் தீர்க்க வேண்டும் என்றுதான் படியேறி வந்திருந்தேன். ஆனால் அன்றைக்கு அக்காவைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றியவரும் இவர்தானே. அவர் மனைவிமேல் வைத்த பாசம்தான் ஒயர் வழியாக இறங்கி வந்து என் அக்காவைத் தள்ளியிருக்கிறது. இதற்கு யாரைத் திட்டுவது?

இந்தமுறை கேஸ் கம்பெனிக்காரர்களைக் காலையில் வரச் சொன்னேன். வீட்டுக்குள் ஓடுகிற இரும்பு, செம்புக் குழாய்களை எல்லாம் கட்டடத்தின் எர்த்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும், எப்போதாவது எங்கிருந்தாவது கரண்ட் கசிந்தால் அது ஆளைத் தொடாமல் நேராக மண்ணுக்குப் போய்விடும் என்றார்கள். அதைத்தான் 'பாண்டிங்' என்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் அதைச் செய்யாமல் விட்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் வந்து எர்த் குழியைத் தேடினார். கட்டடத்துக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடந்தது. மூடியைத் திறந்து உள்ளே இருந்த கம்பியைத் தொட்டதும் அது துருவாக உதிர்ந்து கையோடு வந்தது. கடல் உப்பு தின்று தீர்த்திருந்தது. எத்தனை வருஷமாக நாங்கள் எல்லாரும் மூணு பின் ப்ளக்கின் எர்த் பின்னை நம்பி வாழ்ந்தோமோ!

புதுக் குழி போட வேண்டும், குழாயில் பச்சை ஒயர் கட்ட வேண்டும் என்றதும் ஃப்ளாட்காரர்கள் மொட்டை மாடியில் கூடினார்கள். கூடினார்கள் என்றால், கத்தினார்கள்.

"பைப்புல ஒயர் கட்டித்தான ஷாக்கு வந்திச்சி? இப்போ நீங்களே கட்டுறேன்றீங்களே, இன்னா நியாயம் இது?"

கேள்வி சரிதான். அதே குழாய், அதே பச்சை ஒயர். எலக்ட்ரீஷியன் ஆம்பியர், ஓம் என்று ஆரம்பித்தார். கூட்டம் கொட்டாவி விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒயரோட ஒரு முனையப் பாத்துட்டுப் பேசாதீங்க. அன்னிக்கு இன்னொரு முனை கெட்டுப்போன மெஷின்ல இருந்திச்சி, கரண்ட்ட கொண்டாந்து நம்ம வூட்ல வுட்டுச்சி. இப்போ இன்னொரு முனை மண்ணுக்குள்ள இருக்கப்போவுது. வர்றத கூட்டிகினு போயிடும். ஊர்ல இருந்து சொந்தக்காரன ஒருத்தன் கூட்டியாந்து வுட்றான், இன்னொருத்தன் பஸ் ஏத்தி அனுப்புறான். ரெண்டும் ஒண்ணா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சொந்தக்காரர் உபத்திரவம் இல்லாத வீடு எது?

புதுக் குழி தோண்டின அன்று சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரை பிடித்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. ஆழமாகக் கம்பி இறக்கி, சுற்றிலும் அதற்கென்று விற்கிற மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். அங்கிருந்து மெயின் போர்டுக்கு ஒரு பட்டை. போர்டிலிருந்து தடிமனான பச்சை ஒயர் கேஸ் குழாய்க்கு. துரு ஏறாத கிளாம்ப். கசிவு வந்தால் தானாக அணைந்துவிடும் ட்ரிப் ஸ்விட்ச் எல்லா வீட்டிலும் போட்டார்கள். மாடி வீட்டு மெஷினை முறையாக எர்த்தோடு இணைத்து ஸ்விட்சைப் போட்டார் எலக்ட்ரீஷியன். அந்த நொடியே டப்பென்று விழுந்தது ட்ரிப். "பாத்தீங்களா, நோயாளி யாருன்னு அதுவே காட்டிக் குடுத்துடுச்சி" என்றார். மெஷினுக்குள் ஈரம் இறங்கிக் கெட்டுப்போயிருந்தது. கழற்றி எடுத்துக்கொண்டு போய்ச் சரி செய்து கொண்டுவந்து மாட்டினார்கள்.

அக்காவைத் திருப்பி அனுப்ப அண்ணன் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஷாக்கு போச்சி, சரி. சுகரு போயிடிச்சா? பாத்துட்டு வரலாம்னா கூட்டியாறேன், வுட்டுட்டுப் போவ மாட்டேன்" என்றான். ஊரப்பாக்கத்திலிருந்து கிளம்பி, சிங்கப்பெருமாள் கோயில் நெரிசலில் மாட்டி, கடுகடுவென்று வந்து சேர்ந்தான். அக்கா இறங்கினாள். காலில் புண் ஆறிப் புதுத்தோல் வந்திருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள். துணிப்பை கார் டிக்கியிலேயே இருந்தது. திரும்பிப் போகிற பயணம்தானே என்று அண்ணன் அதை எடுக்கவில்லை.

அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். அடுப்புக்கு முன்னால் நின்றாள். கை மேலே எழும்பவில்லை. குழாயைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மின்சாரத்தை வெளியே அனுப்ப ஒயர் கட்டினோம், இவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்ட பயத்தை எதைக் கட்டி அனுப்புவது? அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பார்த்தியா, நான் சொன்னேனே என்கிற பார்வை.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. மாடி வீட்டு சார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டிக் குழாயைத் திறந்து ரெண்டு கையையும் நனைத்துக்கொண்டார். கொஞ்சம் தண்ணீரைத் தரையிலும் ஊற்றி, அதன்மேல் ஏறி நின்றார். பிறகு மேலே பார்த்து, "மெஷினப் போடு!" என்று குரல் கொடுத்தார். மேலே அவர் மனைவி போட்டார். உறுமல் கேட்டது. சார் செம்புக் குழாயை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவரும் பிடித்துக்கொண்டே நின்றார். நெற்றியில் வியர்வை. எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் போயிருக்கிறார், அது சாருக்கும் தெரியும். தெரிந்தும் பயந்துகொண்டேதான் பிடித்திருந்தார் அந்த மனிதர். கடைசியில், "என்னிய மன்னிச்சிடும்மா" என்றார், குழாயைப் பார்த்தபடியே.

அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். வெறுங்கால், ஈரத் தரை. வலது கையை நீட்டினாள். பாதி வழியில் நின்றது. அப்புறம் சட்டென்று, குழந்தை நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, உள்ளங்கையைக் குழாயில் வைத்தாள்.

எடுக்கவில்லை. விரல்களை மடக்கிப் பிடித்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் ஓடியது, முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. நானும் அழுதேன். அண்ணன் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது, அவன் இல்லை என்று சாதிப்பான்.

"நீங்க கைய எடுங்க சார், நேரமாவுது. சமைக்கணும்" என்றாள் அக்கா. குழாயைப் பிடித்தபடியே அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, டிக்கியில என் பை கீது பாரு, எறக்கியாந்து வெச்சிடு."